சாத்தன் என்னும் ஆட்பெயரின் தோற்றமும் வழக்காறும்: சாத்தாங்காடு என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

ஊர்ப்பெயரும் சிக்கலும்

வடசென்னையில் திருவொற்றியூரை அடுத்து, மணலித் தொழிற்பகுதிக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள சாத்தாங்காடு, இன்று இரும்பு எஃகு வணிகத்தால் அறியப்படும் பகுதியாகும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைத்த வணிக வளாகமும், அதனைச் சூழ்ந்த கிடங்குகளும், சரக்குந்துகளின் வரிசையுமே இவ்வூரின் இன்றைய தோற்றம். காடு என்னும் பின்னொட்டுக்கு உரிய பொருள் எதுவும் கண்ணுக்குத் தென்படுவதில்லை. முன்னொட்டின் நிலை அதனினும் இடர்ப்பாடு உடையது. 'சாத்தான்' என்ற ஒலி இன்றைய தமிழ்ச் செவிக்கு விவிலியத்தின் தீய ஆவியையே முதலில் நினைவூட்டுகிறது. எனவே, இப்பெயரை முதன்முறையாகக் கேட்பவர் அதனைப் 'பேய்க்காடு' என்ற பொருளில் விளங்கிக்கொள்ள வாய்ப்பு மிகுதி. தென்கோடியில் உள்ள சாத்தான்குளத்தின் நிலையும் இதுவே.

ஊர்ப்பெயர் ஒன்று பொருள் மயங்கி வழங்குவது புதிதன்று. மயக்கம் முற்றிய பெயர் மாற்றத்திற்கு ஆளாவதும் புதிதன்று. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்பத் திருத்தி ஆணையிட்டதும், எழுந்த குறைகளை ஒட்டிச் சில நாள்களில் அதனைத் திரும்பப் பெற்றதும் ஆய்வாளர் அறிந்ததே. எழுத்துக்கூட்டலைத் திருத்துவதற்கே பெயரின் சொற்பிறப்புப் பற்றிய தெளிவு வேண்டும் என்பதை அந்நிகழ்வு காட்டிற்று. சாத்தாங்காடு போன்ற பெயர்களில் அத்தெளிவு இன்மையால் இழக்கப்படுவது ஓர் ஊரின் விளக்கம் மட்டுமன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் தமிழரிடையே பரவலாக வழங்கிய ஓர் ஆட்பெயரின் எஞ்சிய தடமும் உடன் இழக்கப்படுகிறது.

சாத்தன் என்னும் அவ்வாட்பெயர் எங்கிருந்து வந்தது, எவரெவரால் சூடப்பட்டது, எப்போது ஏன் வழக்கொழிந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கிறித்தவச் சொல்லான சாத்தானுடன் ஏற்பட்ட ஒலியொப்புமையே இப்பெயரை வழக்கிலிருந்து அகற்றியது என எளிதில் எண்ணத் தோன்றும். சான்றுகளின் கால வரிசை அதற்கு இடந்தரவில்லை என்பதே இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

சாத்தும் சாத்தாவும்

சாத்தன் என்பதற்கு இரண்டு வேர்கள் கூறப்படுகின்றன. ஒன்று, வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் 'சாத்து'. இது வடமொழி 'சார்த்த' என்பதனோடு தொடர்புடையது. மற்றொன்று, கற்பிப்போன், ஆள்வோன் என்னும் பொருளுடைய 'சாஸ்தா'.

முதல் வேருக்குச் சங்க இலக்கியம் நேர்ச்சான்று தருகிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு சுங்கம் வாங்கும் பெருவழியில் செல்லும் வணிகர் கூட்டத்தைச் சாத்து என்றே குறிக்கிறது. அந்நூலின் களம் தொண்டை நாடாக இருப்பது, அதே நாட்டின் கடற்கரையில் அமைந்த ஊர் ஒன்றின் பெயரை ஆராயுங்கால் மனங்கொள்ளத்தக்கது. சாத்தினை நடத்திச் செல்பவன் சாத்துவன் அல்லது சாத்துவான். வடமொழியில் அவன் 'சார்த்தவாகன்'. சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை மாசாத்துவான், கண்ணகியின் தந்தை மாநாய்கன். முன்னது நிலவழி வணிகத் தலைமையையும் பின்னது கடல்வழி வணிகத் தலைமையையும் சுட்டுவன. இரண்டும் தொழிலால் அமைந்த சிறப்புப் பெயர்கள். பெற்றோர் இட்ட இயற்பெயர்கள் எனக் கொள்வதற்கில்லை.

இரண்டாம் வேர் சமயச் சார்புடையது. சாஸ்தா என்பது புத்தரின் பெயர்களுள் ஒன்றாக அமரகோசத்தில் இடம்பெறுகிறது. தமிழ் நிகண்டுகளோ ஐயனாரின் பெயர்களுள் சாத்தன் என்பதையும் தருகின்றன. சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் வரும் பாசண்டச் சாத்தன், தேவந்தியின் கணவனாக வந்து மறையும் தெய்வம். அப்பரின் தேவாரம் சாத்தனைச் சிவபெருமானின் மகனாகக் காட்டுகிறது. ஆக, ஏழாம் நூற்றாண்டளவில் சாத்தன் என்பது தெய்வப்பெயராக நிலைபெற்றுவிட்டது என்பதில் ஐயமில்லை.

மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளிவந்த 'பௌத்தமும் தமிழும்' என்னும் நூலில், சாத்தன் என்பது புத்தரின் பெயரே என்றும், ஐயனார் வழிபாட்டில் பழைய பௌத்த வழிபாட்டின் எச்சம் உண்டு என்றும் வாதிட்டார். மணிமேகலை ஆசிரியரின் பெயர் இக்கருத்துக்கு வலுச் சேர்ப்பதாகவே தோன்றும். எனினும் இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது ஒலியியல் தடை. பிராகிருத மொழிகளில் இரட்டை மெய்க்கு முன் வரும் நெடில் குறுகுதல் பொதுவிதி. 'சாஸ்தா' என்பது பாலியில் முதலுயிர் குறுகிச் 'சத்தா' என்றாகும். 'சார்த்த' என்பதும் 'சத்த' என்றே ஆகும். தமிழ் வடிவம் இரண்டு நிலையிலும் முதல் நெடிலைக் காத்து நிற்கிறது. எனவே, பாலி வழியாகவே இப்பெயர் தமிழுக்கு வந்தது என்று கொள்வது எளிதன்று. இரண்டாவது தடை, பெயர் பூண்டோரின் பரப்பு. அவர்கள் பல தொழிலினர், பல சமயத்தினர். சாத்தன் என்ற பெயரைக் கண்ட இடத்திலெல்லாம் பௌத்தரைக் காண்பது, கண்ணன் என்ற பெயரைக் கண்ட இடத்திலெல்லாம் வைணவரைக் காண்பது போன்றதே.

இவ்விரு வேர்களுள் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விலக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐயனார் ஊரெல்லையில், ஏரிக்கரையில், வழியோரத்தில் நிற்கும் தெய்வம். குதிரை அவருக்கு உரியது. வழியையும் வழிச்செல்வோரையும் காக்கும் தெய்வத்தின் பெயரும், வழிச்செல்லும் வணிகனின் பெயரும் தமிழில் ஒரே வடிவம் பெற்றபோது, இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றிருக்கக்கூடும். வேறுபட்ட இரு சொற்கள் ஒலியால் ஒன்றி, பின்னர்ப் பொருளாலும் நெருங்கியமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சான்றோரும் கடலோடிகளும்

சங்கத் தொகை நூல்களில் சாத்தன் என்னும் பெயருடைய புலவர் பத்துக்கும் மேற்பட்டோர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், அழிசி நச்சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், மோசி சாத்தனார், பிரான் சாத்தனார், தொண்டி ஆமூர்ச் சாத்தனார், உறையூர் முதுகண்ணன் சாத்தனார், கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் எனப் பட்டியல் நீளும். ஒருவர் கூலவாணிகர். மற்றொருவராகிய வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனார், 'வண்ணக்கன்' என்ற அடையால் நாணயம் நோட்டம் பார்க்கும் தொழிலினர் எனத் தெரிகிறது. வணிகத் தொடர்பு இங்கு வெளிப்படை. ஆனால் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் போர்மறவன். அவன் மறைந்தபின் முல்லை ஏன் பூக்கவேண்டும் எனக் கையறு நிலையில் பாடப்பட்டவன். பாண்டியன் கீரஞ்சாத்தன் அரச மரபினன். எனவே சங்க காலத்திலேயே இப்பெயர் தொழில் எல்லையைக் கடந்து பொதுப்பெயராகிவிட்டது.

பெண்பால் வடிவமும் உண்டு. ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகை, அகநானூறு, புறநானூறு ஆகிய மூன்றிலும் இடம்பெறும் புலவர். தொழிற்பெயராக மட்டும் இது நின்றிருப்பின் சாத்தி என்னும் பெண்பாற்பெயர் தோன்றியிருப்பது அரிது. பிறந்த குழந்தைக்கு இடும் பெயராக இது வழங்கியமைக்கு இவ்வடிவமே தக்க சான்று.

நிலத்தின் எல்லைக்கு அப்பாலும் இப்பெயர் சென்றிருக்கிறது. எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள குசேர் அல்-காதிம் என்னும் இடத்தில், சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1978 முதல் 1982 வரை நிகழ்த்திய அகழாய்வில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் கணன் என்றும் மற்றொன்றில் சாதன் என்றும் பெயர்கள் உள்ளன. தமிழ்ப் பிராமி எழுத்துமுறையில் இரட்டை மெய்யை ஒற்றையாக எழுதுதல் இயல்பாதலின், இவை கண்ணன், சாத்தன் எனப் படிக்கப்படுகின்றன. கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டையொட்டி, உரோமப் பேரரசின் துறைமுகம் ஒன்றில் தன் பாண்டத்தின்மீது தன் பெயரைக் கீறி வைத்த அந்தச் சாத்தன், பெயருக்கேற்ற சாத்துவனாகவே இருந்திருக்கலாம்.

ஒரே குன்றில் இருவர்

திருப்பரங்குன்றத்தில் இப்பெயரின் வரலாற்றை இரு முனைகளில் காணமுடிகிறது. அங்குள்ள இயற்கைக் குகைத்தளத்தின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, எருகாட்டூரைச் சார்ந்த ஈழக் குடும்பிகன் பொலாலையன் பொருட்டு அமைந்தது. அதனைச் செய்தவன் பெயராக ஆய்சயன் நெடுசாதன் என்பது காணப்படுகிறது. நெடுஞ்சாத்தன் என்பதே இதன் இலக்கிய வடிவம். பெருஞ்சாத்தன், மாசாத்தன், நச்சாத்தன் என்பன போல அடைபெற்ற பெயர். ஒரே பெயரைப் பலர் சூடும்போதுதான் இத்தகைய அடைகள் தேவைப்படுகின்றன. நெடு, பெரு, மா, நல் என அடைகள் பெருகியிருப்பதே பெயரின் பரவலுக்கு அளவுகோல்.

அதே குன்றின் குடைவரைக் கோயிலில் கலியாண்டு 3874 குறிக்கப்பட்ட கல்வெட்டு உள்ளது. கி.பி. 773க்கு ஒத்த அக்காலத்தில், பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் மாசாமந்தனாகிய சாத்தன் கணபதி, அங்குத் திருப்பணி செய்தான். கரவந்தபுரத்து வைத்திய குலத்தைச் சேர்ந்தவன் அவன். அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்தாள்.

சாத்தன் கணபதி என்பதன் பொருள் 'சாத்தனின் மகன் கணபதி' என்பதாகும். அதற்கு மூன்றாண்டு முன்னர், கி.பி. 770இல், ஆனைமலையில் குடைவரை எடுத்த மாறன் காரியும், அவனுக்குப்பின் அப்பணியை நிறைவேற்றிய தம்பி மாறன் எயினனும் 'மாறன்' என்ற முற்பெயரைப் பகிர்ந்துகொள்வது இதனை உறுதிப்படுத்தும். உடன்பிறந்தார் இருவர்க்கும் பொதுவாக நிற்பது தந்தை பெயராகவே இருக்கமுடியும்.

கல்வெட்டறிஞர் பலரும் இப்பெயரமைப்பை விளக்கியுள்ளனர். ஆயினும் இதில் அடங்கியுள்ள தலைமுறை மாற்றம் போதிய கவனம் பெறவில்லை எனலாம். தந்தை சாத்தன், மகன் கணபதி. பழந்தமிழ்ப் பெயர் தந்தையிடத்து நிற்க, புராணத் தெய்வப்பெயர் மகனிடத்து வந்துவிட்டது. மனைவியின் பெயரில் இதற்கு நேர்மாறான நிலை உள்ளது. நக்கன் என்பது சிவன்பெயர். அது தந்தையிடத்து உள்ளது. கொற்றி என்னும் பழம்பெயர் மகளிடத்து உள்ளது. ஆகவே மாற்றம் ஒரே சீராக நிகழவில்லை. குடும்பந்தோறும், ஆண் பெண் என்னும் வேறுபாடு தோறும், பழையதும் புதியதும் கலந்தே வழங்கின. ஆனால் மாற்றத்தின் திசை தெளிவானது. பக்தி இயக்கத்தின் பெருக்கத்திற்குப்பின் கோயில் தெய்வங்களின் பெயர்களே மக்கட்பெயர்களாக மேலோங்கின. சாத்தன், கொற்றன், ஆதன், பூதன், கீரன் ஆகிய பழைய வரிசை முழுவதும் அவற்றின் பின் ஒதுங்கியது. சாத்தன் தனித்து வீழவில்லை. தன் கூட்டத்தோடு வீழ்ந்தது. விவிலியத் தமிழ் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இது நிகழத் தொடங்கிவிட்டது.

தந்தைபெயரும் குடிப்பெயரும்

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் முதுகண்ணனின் மகன் சாத்தன். செயலூர் இளம்பொன் சாத்தன் கொற்றனார் சாத்தனின் மகன் கொற்றன். ஒரே சொல் ஒரு தலைமுறையில் தன்பெயராகவும் அடுத்த தலைமுறையில் முன்னொட்டாகவும் நின்று, மூன்றாம் தலைமுறையில் மறைந்துவிடும். தொல்காப்பியப் புள்ளிமயங்கியல் இவ்வமைப்புக்கு விதியே வகுத்துள்ளது. இயற்பெயர்முன் தந்தை என்னும் முறைப்பெயர் வரும்போது நிகழும் திரிபுக்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள் சாத்தந்தை, கொற்றந்தை என்பன. மக்கள் முறைமையில் இரு இயற்பெயர்கள் தொகும்போது அன் ஈறு கெட்டு அம் சாரியை நிற்கும் என்பதற்குச் சாத்தங்கொற்றன், கொற்றங்கொற்றன் என்பன காட்டப்படும். தந்தைபெயரைச் சேர்த்து வழங்கும் முறை இலக்கண விதி பெறும் அளவுக்கு நிலைத்திருந்தது என்பதை இதனால் அறியலாம்.

இடைக்கால ஐரோப்பாவில் இதே தொடக்கம் வேறு முடிவை அடைந்தது. இலத்தீன் ஆவணங்களில் பெத்ருவின் மகன் என்பதைக் குறிக்கத் தந்தைபெயர் ஆறாம் வேற்றுமை ஏற்று 'பெத்ரி' என நின்றது. ஐபீரியத் தீவக்குறையில் பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டசு எனப்பட்டான். நாளடைவில் இத்தகைய பெயர்கள் இறுகி, தந்தை யாராயினும் மாறாத குடிப்பெயர்களாயின. அவ்வாறு இறுகிய பெயர்களே பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாகத் தமிழ்க் கடற்கரைக்கு வந்தன. 1530களில் கிறித்தவம் தழுவிய முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பெர்னாண்டோ என்பது பர்னாந்து எனத் தமிழ் வடிவம் பெற்று இன்றுவரை குடிப்பெயராக நிலைத்துள்ளது. சாத்தன் அத்தகைய வாய்ப்பைப் பெறவில்லை. தமிழில் தந்தைபெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக மாறுவது. இன்றைய முதலெழுத்து முறையும் அதன் தொடர்ச்சியே. பிள்ளைக்கு இடுவதை நிறுத்திய பெயர், அம்முறையில் இரண்டு தலைமுறைகளில் அடையாளமின்றி மறைந்துபோகும். குடிப்பெயராக இறுகியிருந்தால் பொருள் மறந்தபின்னும் நின்றிருக்கும்.

உரையாசிரியர் காத்த பெயர்

வாழ்வில் மறைந்த பெயர் நூலில் வாழ்ந்தது. இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் முதலிய உரையாசிரியர்கள் எழுவாய்க்கு ஒரு பெயர் வேண்டிய இடங்களிலெல்லாம் சாத்தனையும் கொற்றனையும் அழைக்கின்றனர். சாத்தன் வருவான், உண்பான், உறங்குவான், மகன் பெறுவான். சாத்தி சாந்து அரைப்பாள். தமிழ் பயிலும் மாணவர் இன்றும் இப்பெயரை அறிவது பெரும்பாலும் இவ்வெடுத்துக்காட்டுகளால்தான்.

வடமொழி இலக்கணத்தார்க்குத் தேவதத்தன் எப்படியோ, உரோமானியச் சட்ட அறிஞர்க்குத் தித்தியசு, சேயசு ஆகியோர் எப்படியோ, தமிழ் உரைமரபுக்குச் சாத்தனும் கொற்றனும் அப்படி. தித்தியசு என்னும் பெயரை எவரும் சூடாத காலத்திலும் இடைக்கால இலத்தீன் சட்ட உரைகாரர் அவனைக் கொண்டே வழக்குகளை விளக்கினர். எவரையும் குறிக்காத பெயரே எவரையும் குறிக்க ஏற்றது என்பது இம்மரபுகளுக்குப் பொதுவான உத்தி போலும். இளம்பூரணர் காலத்தில் சாத்தன் தெருவில் காணத்தக்க பெயராகவும் இருந்திருக்கலாம். நச்சினார்க்கினியர் காலமாகிய பதினான்காம் நூற்றாண்டில் அது மரபுவழி வந்த எடுத்துக்காட்டாகவே பெரிதும் நின்றது எனக் கொள்வது பொருந்தும்.

மலையாள நிலத்தில் நிலைமை வேறு. அங்குச் 'சாத்தன்' ஆட்பெயராக நெடுங்காலம் தொடர்ந்தது. பறையி பெற்ற பன்னிரு குலத்தார் கதையில் அகவூர்ச் சாத்தன் ஒருவன். ஒடுக்கப்பட்ட மக்களிடையே இப்பெயர் அண்மைக்காலம் வரை வழங்கியது. குட்டிச்சாத்தன் என்னும் தெய்வமும் அங்கு உண்டு. தமிழகத்தில் மேற்குடியினர் கைவிட்ட பெயர்கள் பிற மக்களிடையே நீடித்தமைக்கு வேறு சான்றுகளும் இருப்பதால், மலையாள வழக்கைத் தனி நிகழ்வாகக் கருதவேண்டியதில்லை.

சாத்தனும் சாத்தானும்

எபிரேயத்தில் எதிர்ப்பவன் என்னும் பொருளுடைய சொல், கிரேக்கம், இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, விவிலிய மொழிபெயர்ப்பில் சாத்தான் எனத் தமிழ் வடிவம் பெற்றது. அதே சொல்லின் அரபு வடிவத்திலிருந்து இசுலாமியத் தமிழில் சைத்தான் அமைந்தது. இவற்றுக்கும் சாத்தனுக்கும் பிறப்பால் எத்தொடர்பும் இல்லை.

தொடர்பில்லாத இரு சொற்கள் தமிழில் மயங்கியதற்கும் மலையாளத்தில் மயங்காமைக்கும் காரணம் ஒலியில் உள்ளது. மலையாளத்தில் பழைய பெயர் மொழிமுதலில் வல்லொலியாகிய சகரத்தைக் காத்தது. அதாவது 'அச்சம்' என்பதில் ஒலிக்கும் சகரம். விவிலியச் சொல்லோ உரசொலியாகிய ஸகரத்தோடு வேறெழுத்தால் எழுதப்படுகிறது. தமிழில் மொழிமுதற் சகரம் பெரும்பாலான வழக்குகளில் உரசொலியாக மாறிவிட்டது, எழுத்தும் ஒன்றே. எஞ்சிய வேறுபாடு ஈற்றயல் உயிரின் அளவு மட்டுமே: சாத்தன், சாத்தான். ஊர்ப்பெயர்களில் அவ்வேறுபாடும் அழிந்தபோது மயக்கம் முழுமையாயிற்று. ஆகவே ஒலியொப்புமை ஆட்பெயரை அகற்றவில்லை. ஆட்பெயர் அகன்ற வெற்றிடத்தில், காப்பாரற்று நின்ற ஊர்ப்பெயர்களின் பொருளையே அது கைப்பற்றியது. சாத்தன் என்றொரு மாமனோ பாட்டனோ வீட்டில் இருந்திருந்தால், சாத்தாங்காட்டைப் பேய்க்காடு என எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

நெடிலும் காடும்

சாத்தன் அடியாகப் பிறந்த ஊர்ப்பெயர்கள் தமிழகம் முழுவதும் உள்ளன. பெரியபுராணத்தில் திருமூலர் வரலாற்றோடு தொடர்புடைய சாத்தனூர், திருநீலநக்க நாயனாரின் ஊராகிய சாத்தமங்கை, மதுரைப் பகுதிச் சாத்தங்குடி ஆகியவற்றில் குறில் நிற்கிறது. சாத்தன் என்பதன் அன் ஈறு கெட்டோ கெடாமலோ புணர்ந்த இயல்பான வடிவங்கள் அவை. சாத்தூர் என்பது சாத்து என்பதனோடு நேராகச் சேர்க்கத்தக்கது. இவ்வரிசையின்படி எதிர்பார்க்கப்படுவது 'சாத்தங்காடு' என்பதே. நெடில் எங்கிருந்து வந்தது?

மூன்று விளக்கங்கள் கூடும். சாத்துவான் என்பது சாத்தான் எனக் குறுகியிருக்கலாம் என்பது ஒன்று. வணிகப் பொருளுக்கு இது உகந்ததாயினும், இடையிலுள்ள உகரமும் வகரமும் ஒருங்கே கெட்டமைக்கு இணையான சான்று வேண்டும். சாத்தாத வைணவரைக் குறிக்கும் சாத்தாணி என்பதிலிருந்து பெறலாம் என்பது மற்றொன்று. அங்ஙனமாயின் சாத்தாணிக்காடு என்றிருத்தல் வேண்டும். ணிகரம் கெட்டு மெல்லெழுத்து மிகக் காரணமில்லை. தெய்வப்பெயரின் ஆகார ஈற்று வடிவமாகிய சாத்தா என்பதிலிருந்து பெறுவது மூன்றாவது. கொல்லம் மாவட்டத்துச் சாஸ்தாங்கோட்டை இதற்கு நேரிணை: தெய்வப்பெயர், மெல்லெழுத்து, இடப்பெயர் என்னும் அதே அடுக்கு. மா என்னும் மரப்பெயர் காடு என்பதனோடு புணர்ந்து மாங்காடு ஆவதுபோல, சாத்தா என்பதும் மெல்லெழுத்துப் பெற்றுச் சாத்தாங்காடு ஆதல் கூடும். மூன்றனுள் இதுவே தடை குறைந்தது.

பின்னொட்டும் இதற்கு அரணாகிறது. சென்னையைச் சூழ்ந்த திருவாலங்காடு, மாங்காடு, திருவேற்காடு ஆகிய ஊர்களில் காடு என்பதன்முன் நிற்பன மரப்பெயர்களாகவே கொள்ளப்படுகின்றன. சாத்தாங்காடு அவ்வரிசைக்குப் புறம்பானது; மரத்தின் இடத்தில் ஓர் உயர்திணைப் பெயர் நிற்கிறது. காட்டினைத் தனக்குரியதாகக் கொள்ளத்தக்கவர் நிலக்கிழாரினும் ஐயனாரே. ஐயனாருக்குரிய காட்டில் மரம் வெட்டாமை தமிழக ஊர்களில் இன்றும் காணப்படும் வழக்கம். தென்னகக் கோயிற்காடுகள் பலவும் அவ்வழக்கத்தாலேயே எஞ்சின. கடற்கரை மணலுக்கும் கொற்றலை ஆற்று வெளிக்கும் இடைப்பட்ட இப்பகுதியில் வழிக்காவல் தெய்வத்தின் பெயரால் ஒரு காடு இருந்தது எனக் கொள்வதில் நிலவியல் முரண் எதுவும் இல்லை.

சாத்தான்குளம் என்பதில் னகர ஒற்று வெளிப்படையாக நிற்பதால், அதற்கு இவ்விளக்கம் அப்படியே பொருந்தாது. அங்கு, சாத்தா என்னும் தெய்வப்பெயர் ஆண்பால் ஈறு ஏற்றுச் சாத்தான் என நீண்டிருக்கலாம்; ஆட்பெயரே நீண்டிருக்கவும் கூடும். இரு ஊர்ப்பெயர்களையும் ஒரே விதியால் விளக்க முற்படுவதைவிட, தனித்தனியே ஆராய்வதே முறை. எழுத்துக்கூட்டலைத் திருத்தும் முயற்சி மீண்டும் எழுமாயின், சாத்தாங்காடு என்பதை னகர ஒற்றோடு 'சாத்தான்காடு' எனப் பிரித்தெழுதுதல் பிழையான சொற்பிறப்பை எழுத்திலேயே நிலைநிறுத்துவதாகும். ஙகர ஒற்றுடைய இன்றைய வழக்கே பழைய புணர்ச்சியைக் காத்து நிற்பது.